வெள்ளை உதிர்த்த மேசை விளக்கு

எங்க ஊர்ல போட்டோவுல இருந்து வெள்ளை உதிர ஆரம்பிச்சது ஒரு ஆவணி மாசத்துச் செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்னே காலுக்கு. பக்கத்துக் கடையில அப்ப வடை போட்டுக்கிட்டிருந்தாங்க, ரோட்டுல ஒருத்தன் மைக் கட்டி வெள்ளைப்பூண்டு வித்துக்கிட்டுப் போனான், வேற ஒரு விசேஷமும் இல்ல. வானம் இடிக்கல, கோயில் மணி தானா அடிக்கல. அந்த மாதிரி எதுவும் நடந்திருந்தா இந்த ஊரு அதையும் செல்ஃபோன்ல படம் எடுத்து எங்கிட்ட கொண்டாந்து, கொஞ்சம் கலரா போட்டுக் குடுங்கக்கான்னு கேட்டிருக்கும்.

நான் பொற்கொடி. அருப்புக்கோட்டையில தனுஷ்கோடி அண்ணாச்சியோட கலர் லேப்ல பதினாறு வருஷமா கலர் பார்க்குறவ. கலர் பார்க்குறதுன்னா ஒண்ணும் பெரிய வித்தை இல்ல. பிரிண்ட் போட்டு வந்த படத்தை மேசையில வச்சு, சேலை சேலை நிறத்துல இருக்கா, ஆளு ஆளு நிறத்துல இருக்கான்னு பார்த்து, இல்லேன்னா கம்ப்யூட்டர்ல திருத்தி மறுபடியும் போடணும், அவ்வளவுதான். சேலை விஷயத்துல எங்க ஊரு மாதிரி நேர்மையான ஊரைப் பார்க்க முடியாது. அரக்குப் பட்டு ஒரு பொட்டு செங்கல்லா வந்துருச்சுன்னா ஆல்பத்தைத் தூக்கி மூஞ்சில எறிவாங்க. ஆனா அந்தச் சேலைக்குள்ள இருக்கிற பிள்ளை அவ நிறத்துல வந்துருச்சுன்னா அதுக்கும் எறிவாங்க. தூ. பதினாறு வருஷத்துல, எங்க பிள்ளையை அவ இருக்கிறபடி போடுங்கன்னு ஒரே ஒருத்திதான் கேட்டா, அதுவும் அந்தப் பிள்ளை செத்த பிறகு.

அவ பேரு குருவம்மா. சாயப்பட்டறையில நூலுக்குச் சாயம் போடுறவ, ரெண்டு கையும் முழங்கை வரைக்கும் ஊதா. அவளுக்கு இருந்தது ஒரே பிள்ளை, தங்கமாரி. மூணு வருஷத்துக்கு முன்னாடி அந்தப் பிள்ளையை மாப்பிள்ளை வீட்டுக்குக் காட்டறதுக்குப் படம் எடுக்கக் கூட்டிக்கிட்டு வந்தா. அன்னைக்கு அவளும் ஊரோட சேர்ந்தவதான், இதே மேசையில கையை ஊன்றிக்கிட்டு, கொஞ்சம் கலரா போடு தாயின்னு கேட்டா. நானும் போட்டேன். நெத்தியில போட்டேன், கன்னத்துல போட்டேன், கண்ணுக்குக் கீழ இருந்த நிழலை எடுத்தேன், தாடையில இருந்த மச்சத்தையும் எடுத்தேன், போட்டதை அசல் மேலேயே சேவ் பண்ணிட்டுச் சாப்பிடப் போயிட்டேன். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க படத்தைப் பார்த்து வந்தாங்க, பிள்ளையைப் பார்த்துட்டுப் போயிட்டாங்க. அடுத்த ஐப்பசியில டெங்கு வந்து நாலே நாள்ல தங்கமாரி போயிட்டா. அவ படம் வச்சிருந்த ஃபோன் எப்பவோ சாயத்தொட்டியில விழுந்துபோச்சு, ஆதார் அட்டையில இருக்கிறது ஒரு புகை. மிச்சம் இருந்தது நான் வெள்ளையடிச்ச படம் ஒண்ணுதான்.

குருவம்மா அதைக் கொண்டாந்து மேசையில வச்சா.

"தாயி, இது என் பிள்ளை இல்ல."

"என்னக்கா சொல்ற? அவ தாவணிதானே இது?"

"தாவணி அவளோடதுதான். உள்ள நிக்கிறது யாரோ. என் பிள்ளை நிறத்துல போட்டுக் குடு."

அசல் இல்ல, நான்தான் அழிச்சுட்டேனே. சரி, மாநிறத்துக்குக் கொண்டுவருவோம்னு கம்ப்யூட்டர்ல மல்லுக்கட்டி ஒரு பிரிண்ட் போட்டேன். மேசையில அச்சு அசலா இருந்துச்சு. குருவம்மா அதை மேசையில பார்க்கவே இல்ல, வாசலுக்குக் கொண்டுபோய் வெயில்ல பிடிச்சுப் பார்த்தா. அங்க போனதும் பிள்ளை வெளிறிப்போன நீலமா இருந்துச்சு. "பட்டறையில நூலை நனைச்சா வெளிய கொண்டுபோய்ப் பார்த்துத்தான் சரின்னு சொல்லுவோம். குண்டு பல்பை நம்பிச் சாயம் போட்டா ஒரு சிட்டம் நூல் விக்க முடியுமா? நீங்க என்னடான்னா ஆளுக்கு நிறம் பார்க்குறதுக்கு மஞ்ச பல்பு போட்டு வச்சிருக்கீங்க" அப்படின்னா. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருந்துச்சு. ஒரு சிட்டம் நூலுக்கு இருக்கிற மரியாதை மனுஷ மூஞ்சிக்கு எங்க லேப்ல இல்ல.

அந்த மேசையைப் பத்திச் சொல்லணும். மேல மஞ்ச பல்பு, பின்னாடி ஆரஞ்சு சுவரு, பக்கத்துல கிளிப்பச்சை திரை. மஞ்ச பல்புல பார்த்தா எல்லாப் படமும் மஞ்சளா தெரியும், நான் மஞ்சளைக் குறைப்பேன், வெளிய போனா படம் நீலமாயிரும். பல்பு மங்கல்னா படம் இருட்டா தெரியும், நான் வெளுக்க வைப்பேன், வெளிய போனா ஆளு சுண்ணாம்பாயிருவான். ஆரஞ்சு சுவரும் பச்சைத் திரையும் தன் பங்குக்கு நிறத்தைப் படத்து மேல துப்பும். போதாக்குறைக்கு அண்ணாச்சி பளபளன்னு ஒரு மாம்பழ நிறச் சட்டையைப் போட்டுக்கிட்டு என் தோளுக்கு மேல எட்டிப் பார்ப்பாரு, அந்தச் சட்டையோட மஞ்சளும் படத்துல விழும். பதினாறு வருஷமா சொன்னேன், அண்ணாச்சி, பகல் வெளிச்சம் மாதிரி ஒரு மேசை விளக்கு வாங்குங்கன்னு. "மஞ்ச வெளிச்சத்துலதாம்மா எல்லாரும் லட்சுமிகரமா தெரியுறாங்க" அப்படின்னுருவாரு. ஊரும் அதைத்தான் சொல்லும். தெரிஞ்சா போதும், இருக்க வேண்டியதில்ல.

குருவம்மா வாராவாரம் வியாழக்கிழமை வந்தா. ஒன்பது பிரிண்ட் போட்டேன், ஒன்பதையும் வெயில்ல பிடிச்சுப் பார்த்து இல்லைன்னா. ஒன்பதாவது தடவை படியிலேயே உட்கார்ந்துட்டா.

"அவளை நினைச்சா இந்த வெள்ளைப் பிள்ளைதான் தாயி வந்து நிக்குது. என் பிள்ளை வர மாட்டேங்குறா. வீட்டுல தினமும் இந்தப் படத்தைத்தானே பார்க்குறேன். இன்னும் கொஞ்ச நாள்ல எனக்கே அவ மூஞ்சி மறந்துபோயிரும். அதுக்குள்ள போட்டுக் குடு."

அன்னைக்குத்தான் அண்ணாச்சிகிட்ட சண்டை போட்டேன். குருவம்மாவுக்காக அவரு அசையல. ஒரு பெரிய வீட்டுக் கல்யாண ஆல்பத்துல மாப்பிள்ளையோட சந்தனக் கலர் சட்டை சாம்பலா வந்து, அவங்க கார்ல வந்து இறங்கிச் சத்தம் போட்டதும்தான் அசைஞ்சாரு. விளக்கை நானே பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். பெட்டியில ரெண்டு நம்பர் போட்டிருக்கும், வெளிச்சம் மஞ்சளா நீலமாங்கிறது ஒண்ணு, நிறத்தைப் பொய் சொல்லாம காட்டுமாங்கிறதுக்கு நூத்துக்கு எத்தனை மார்க்குங்கிறது இன்னொண்ணு. முதல் நம்பர் ஐயாயிரம், ரெண்டாவது தொண்ணூத்தியெட்டு, அதுக்குக் கீழ எதையும் நான் தொடல. சுவத்துக்குச் சாம்பல் பெயின்ட் அடிச்சேன், திரையைக் கழட்டினேன், நானும் சாம்பல் கோட்டு மாட்டிக்கிட்டேன், அண்ணாச்சி மாம்பழச் சட்டையோட மேசைப் பக்கம் வரக்கூடாதுன்னு கோடு போட்டேன். என்ன பொற்கொடி, யாரு செத்துட்டான்னு தெருவே சிரிச்சுச்சு. விளக்கோட கூடவே ஒரு சின்ன அட்டையும் வந்துச்சு. வெளிச்சம் சரியா இருந்தா அது ஒரே சாம்பல் கட்டமா தெரியும், தப்பா இருந்தா ரெண்டு பட்டையா பிரிஞ்சு தெரியும். சுவிட்சைப் போட்டேன், ஒரே கட்டமா தெரிஞ்சுது.

சோதிச்சுப் பார்க்க அண்ணாச்சி தன்னோட அறுபதாங்கல்யாணப் படத்தையே நீட்டினாரு. கீழ வச்சதும் நெத்தியில இருந்து வெள்ளை உதிர ஆரம்பிச்சுச்சு. அரிசி மாவு மாதிரி, சத்தமில்லாம, முதல்ல நெத்தி, அப்புறம் மூக்கு, அப்புறம் ரெண்டு கன்னம், மேசையில ஒரு சின்னக் குவியலா சேர்ந்துச்சு. அண்ணாச்சி தொட்டு மோந்து பார்த்துட்டு, பிரிண்ட் பேப்பர் சப்ளை பண்றவன் ஏமாத்திட்டான்னாரு. அப்புறம் படத்தைப் பார்த்தாரு. ரொம்ப நேரம் பார்த்தாரு.

"இது எங்கய்யாவுல்ல?" அப்படின்னாரு.

"நீங்கதான் அண்ணாச்சி."

"எங்கய்யா மாதிரியே இருக்கேனே" அப்படின்னு சொல்லி ஒரு நிமிஷம் கலங்கினாரு. அந்த ஒரு நிமிஷத்துல மனுஷன் திருந்திருவாருன்னு நினைச்சேன். "சரி, இதை யாருக்கும் காட்டாத" அப்படின்னுட்டு டீ குடிக்கப் போயிட்டாரு.

ஊருக்கு ஆச்சரியமே இல்ல. எப்படி உதிருது, ஏன் உதிருதுன்னு ஒருத்தரும் கேட்கல. முதல் வாரம் சண்டைக்கு வந்தாங்க, எங்க மருமகளைக் கருப்பாக்கிட்டியேன்னாங்க, அவ வீட்டுல அப்படித்தானேம்மா இருக்கான்னு நான் சொன்னா, வீட்டுல இருக்கலாம் ஆல்பத்துல இருக்கலாமான்னாங்க. ரெண்டாவது வாரம் பியூட்டி பார்லர் ஜெயராணி வந்து, மேசையில இருந்த பொடியைத் தொட்டுக் கன்னத்துல ஒரு இழுப்பு இழுத்துக்கிட்டு, எதிர்க்கடை மஞ்ச பல்புக்குக் கீழ போய் நின்னா. இழுத்த இடம் பால் நிறமா இருந்துச்சு. அவ்வளவுதான், சண்டை எல்லாம் ஓடிப்போச்சு. மூணாவது வாரம் பீரோவுக்குள்ள, கட்டிலுக்கு அடியில, பரண் மேல கிடந்த ஆல்பம் எல்லாத்தையும் தூக்கிக்கிட்டு, ஹார்லிக்ஸ் பாட்டிலும் கையுமா, மேற்கே பெட்ரோல் பங்க் வரைக்கும் வரிசையில நின்னாங்க. எங்க வீட்டுப் படத்துல முக்கால் டம்ளர் உதிர்ந்துச்சுன்னு ஒருத்தி சொன்னா, எங்களுக்கு ஒன்றரை டம்ளர்னு அடுத்தவ சொன்னா, யாரு படத்துல பொய் கூட இருந்துச்சோ அவங்க பெரிய குடும்பம்னு ஆச்சு. பொண்ணு பார்க்கப் போறவங்க நகை எத்தனைன்னு கேட்குறதோட பொடி எத்தனை டம்ளர்னும் கேட்டாங்க.

அந்தப் பொடியில ஒரே ஒரு சங்கடம், வெயில் பட்டா இருக்கிற இடம் தெரியாது. அதனால என்ன? ஊரு வெயிலை விட்டுருச்சு. கல்யாண மண்டபத்துல எல்லாம் ட்யூப்லைட்டைக் கழட்டி மஞ்ச பல்பு போட்டாங்க, ஜன்னலுக்குச் சாக்கு தைச்சாங்க, முகூர்த்தத்தை எல்லாம் விடியறதுக்கு முன்னாடி வச்சாங்க, பகல் பத்து மணிக்குப் பொண்ணு மாப்பிள்ளையைக் கார்ல ஏத்துறப்போ மேல ஜமுக்காளம் பிடிச்சாங்க. காலேஜுக்குப் போற பிள்ளைங்க கறுப்புக் குடையோட போச்சுங்க. தன் வீட்டு வாசல்ல ரெண்டு நிமிஷம் வெயில்ல நிக்கப் பயந்த ஜனங்களை நான் எங்க ஊர்லதான் பார்த்தேன். நல்லா இருங்க சாமிகளா.

வீட்டுல இருந்த பழைய ஆல்பம் தீர்ந்துபோச்சு. அப்பத்தான் அண்ணாச்சிக்கு மூளை வேலை செஞ்சுது. அதே படத்தை மறுபடியும் வெள்ளையாக்கிப் பிரிண்ட் போட்டு மறுபடியும் விளக்குக்குக் கீழ வையின்னாரு. ஒரே பிள்ளையை முப்பது தடவை வெள்ளையாக்கி முப்பது தடவை உதிர்த்தோம். பொடியை அள்ளிக்கிட்டுப் போனாங்க, உதிர்ந்துபோன படத்தை ஒருத்தரும் திரும்பிப் பார்க்கல. தன் சொந்த நிறத்துல, கண்ணுக்குக் கீழ நிழலோட, மச்சத்தோட, அழகழகான பிள்ளைங்க எல்லாம் கோணிச் சாக்குல கழிவுப் பேப்பரா கிடந்துச்சுங்க. ஊரைச் சொல்றேனே, நான் மட்டும் என்ன யோக்கியம்? டோக்கன் நம்பர் கூப்பிட்டு உதிர்த்துக் குடுத்தது இந்தக் கைதான்.

குருவம்மா படத்தை ஏன் முதல் நாளே வைக்கலன்னு நீங்க கேட்பீங்க. கேட்கணும். அவ வியாழக்கிழமை வந்தா, லைட்டு இன்னும் சரியா செட் ஆகலக்கான்னேன். அடுத்த வியாழனும் அதையே சொன்னேன். அதுக்கு அடுத்ததும் சொன்னேன். எவ்வளவு போட்டேன்னு எனக்குத்தானே தெரியும். அந்தத் தாய் முன்னாடி அது குவிஞ்சு கிடக்கிறதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்ல, அவ்வளவுதான் விஷயம். ஊரு வெயிலுக்குப் பயந்துச்சு, நான் அந்தக் குவியலுக்குப் பயந்தேன்.

இதுக்கு நடுவுல ஒரு நாள் காலையில அந்தச் சின்ன அட்டையைப் பார்த்தேன். ஒரே கட்டமா இருந்தது லேசா ரெண்டு பட்டையா பிரிஞ்சிருந்துச்சு. விளக்கு மஞ்சளாக ஆரம்பிச்சுருச்சு. இத்தனை பொய்யை உதிர்த்தா எந்த விளக்கு தாங்கும்? அண்ணாச்சிகிட்ட சொன்னேன். அப்ப சீக்கிரம் சீக்கிரம் உதிர்த்துரு, டோக்கன் நிறைய நிக்குதுன்னாரு. வேற விளக்கு வரவழைச்சோம், அதே கம்பெனி, அதே நம்பரு. அது படத்தைச் சரியா காட்டுச்சு, ஒரு துளி உதிர்க்கல.

அந்த வியாழக்கிழமை மத்தியானம் குருவம்மா வந்தா. வரிசையில இருந்தவங்க, சாயக்கை மேல பட்டுரும்னு விலகி வழி விட்டாங்க. அவ படியில உட்காரல, திட்டல, கேட்கக்கூட இல்ல.

"இப்ப அந்த வெள்ளைப் பிள்ளை என்னை அம்மான்னு கூப்பிடுது தாயி. கொரல்கூட மாறிப்போச்சு. இனி நீ போட்டுக் குடுத்தாலும் சரியா தப்பான்னு சொல்ல எனக்குத் தெரியுமோ என்னமோ."

டோக்கன் நாப்பத்தொண்ணோட ஆல்பத்தை எடுத்துக் கீழ போட்டேன். நாப்பத்தொண்ணு ஜெயராணிதான், கத்துனா, கத்தட்டும். தங்கமாரி படத்தை வாங்கி விளக்குக்குக் கீழ வச்சேன்.

உதிர்ந்துச்சு. நெத்தியில இருந்து உதிர்ந்துச்சு, மூக்குல இருந்து உதிர்ந்துச்சு, கழுத்துல இருந்து உதிர்ந்துச்சு, மேசையில குவிஞ்சு, குவியல் சரிஞ்சு, ஓரத்துல வழிஞ்சு தரையில கொட்டுச்சு. அம்மாடி, இவ்வளவான்னு வரிசையில இருந்தவளுங்க வாயைப் பிளந்தாளுங்க. விளக்கு ஒவ்வொரு நொடியும் மஞ்சளாயிக்கிட்டே வந்துச்சு, அட்டையில ரெண்டு பட்டையும் நல்லா பிரிஞ்சு நின்னுச்சு. இடது கன்னம் வந்துருச்சு, வலது கன்னம் பாதியில நிக்குது, தாடை அப்படியே சுண்ணாம்பா இருக்கு. என்ன ஏதுன்னு அண்ணாச்சி அந்த மாம்பழச் சட்டையோட மேசை மேல வந்து குனிஞ்சாரு, அவரு சட்டை மஞ்சளும் சேர்ந்து படத்துல விழுந்துச்சு, உதிர்றது டக்குன்னு நின்னுபோச்சு.

"தள்ளிப் போய்யா அங்கிட்டு!" அப்படின்னேன். பதினாறு வருஷச் சம்பளம் குடுத்த மனுஷனை நெஞ்சுல கையை வச்சுத் தள்ளினேன். விளக்கையும் படத்தையும் சேர்த்து என் சாம்பல் கோட்டால கூடாரம் மாதிரி மறைச்சுப் பிடிச்சேன். மறுபடியும் உதிர்ந்துச்சு. வலது கன்னம் வந்துச்சு, தாடை வந்துச்சு, தாடையில அந்த மச்சம் வந்துச்சு. கடைசியா கண்ணுக்குக் கீழ ஒரு சிட்டிகை உதிர்ந்து அந்த நிழல் வந்ததும், விளக்கு ஒரு தடவை சிணுங்கிட்டு அணைஞ்சுபோச்சு.

குருவம்மா படத்தை எடுத்துக்கிட்டு வாசலுக்குப் போனா. ரெண்டு ஊதாக் கையாலயும் வெயில்ல பிடிச்சா. நான் பின்னாடி போய் நின்னேன். சாயம் பார்க்குறவ எப்படிப் பார்ப்பாளோ அப்படி, முதல்ல நேரா பார்த்தா, அப்புறம் கொஞ்சம் சாய்ச்சுப் பார்த்தா, அப்புறம் கண்ணைச் சுருக்கிப் பார்த்தா. அப்புறம் ஒரே அழுகையா ஒரு கத்து கத்தினா.

"எங்கடி போயிருந்த இத்தனை நாளும்? ஏ மாரி, எங்கடி போயிருந்த?"

நானும் அழுதேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்ல. குடைக்குள்ள நின்ன ஜனம் குடைக்குள்ளயே நின்னுச்சு.

அழுது முடிச்சுட்டு, படத்தைச் சேலைக்குள்ள பத்திரமா சொருகிக்கிட்டு, உள்ள வந்து மேசை முன்னாடி நின்னு குவியலைப் பார்த்தா. பக்கத்துல ஜெயராணி பாட்டிலோட தயாரா நின்னா. "உங்களுக்கு இது வேணாம்லக்கா? நான் எடுத்துக்கவா?"

குருவம்மா அவளைத் திரும்பிப் பார்க்கல.

"யாரு தாயி இதைப் போட்டது?"

"நான்தான்க்கா."

"போடச் சொன்னது நான்" அப்படின்னா. அப்புறம், "ஆனா கொஞ்சம்னுதானே சொன்னேன்? இவ்வளவா?" அப்படின்னா.

வலது கையை நீட்டுன்னா, நீட்டினேன். குவியலை நடுவுல கோடு கிழிச்சுச் சரிபாதியா பிரிச்சா. ஒரு பாதியைத் தன் ஊதாக் கையில அள்ளித் தேய்ச்சுக்கிட்டா, இன்னொரு பாதியை என் உள்ளங்கையில வச்சு, புறங்கையில தேய்ச்சு, விரலிடுக்கு வரைக்கும் தேய்ச்சு, என் விரலை மடக்கி மூடிவிட்டுட்டு இறங்கிப் போயிட்டா.

அவ அன்னைக்குச் சாயங்காலமே பட்டறையில கையைத் தொட்டிக்குள்ள முக்கிட்டாளாம். எனக்குத் தொட்டி இல்ல. சோப்புப் போட்டேன், மண்ணெண்ணெய் போட்டேன், போகல. வெயில்ல நின்னா மறையும், மஞ்ச பல்புக்குக் கீழ வந்தா திரும்ப வந்துரும்.

விளக்கு செத்ததுக்கு ஊரு ரெண்டு நாள் துக்கம் கொண்டாடுச்சு. பாட்டில்ல இருந்த பொடி தீர்ந்ததும் ஜன்னல் சாக்கைக் கழட்டிட்டு, எதுவுமே நடக்காத மாதிரி வெயில்ல நடக்க ஆரம்பிச்சுச்சு. அண்ணாச்சி என்னை வேலையை விட்டு நிறுத்தல, என்னை விட்டா கலர் பார்க்க ஆள் கிடையாது. சுவத்துக்கு மறுபடியும் ஆரஞ்சு அடிச்சாரு, மேசைக்கு மேல மஞ்ச பல்பைத் திருப்பி மாட்டினாரு. அந்தப் பல்புக்குக் கீழ என் வலது கை மட்டும் பால் நிறமா, யாரோ ஒரு சீமாட்டியோட கை மாதிரி தெரியும். படம் போட வர்றவங்க அதைப் பார்த்து அசந்துபோய், அக்கா, பாப்பாவை உங்க கை கலருக்குக் கொண்டு வந்துருங்கக்கான்னு கேட்குறாங்க. நானும் சரின்னு சொல்றேன். கேட்குறபடியே போட்டும் குடுக்குறேன், சம்பளத்துக்கு வேலை பார்க்குறவதானே.

ஆனா தொடுறதுக்கு முன்னாடி, அந்தப் பிள்ளை இருக்கிறபடி ஒரு நகல் எடுத்து, அது பேரு போட்டு, என் சொந்தப் பெட்டியில தனியா வச்சிர்றேன். எல்லாரும் வெள்ளையா வாங்கிக்கிட்டுப் போறாங்க, அசல் பூராவும் எங்கிட்ட இருக்கு. என்னைக்காவது ஒருத்தி வந்து என் பிள்ளை நிறத்துல போட்டுக் குடு தாயின்னு இந்தப் படியில உட்கார்ந்தா, எடுத்துக் குடுப்பேன். நீங்க எப்படிப்பட்ட ஜனமா இருந்தாலும் சரி, உங்க வீட்டுல யாருக்கும் அப்படி வந்து உட்கார்ற நிலைமை வர வேண்டாம்.